இடம் தவறிய கரு

கருவுற்ற பெண்ணுக்கு நேரக்கூடிய ஆபத்துக்களுள் பிரசவ காலத்து ஆபத்துக்களை நம் மக்கள் ஓரளவு அறிந்திருக்கின்றனர். உதிரப்போக்கு, வலிப்பு, குழந்தை குறுக்கே கிடத்தல் முதலியவற்றைப் பற்றிப் பேசாத பாட்டிமார் இல்லை. ஆனால் கரு உண்டாகி இரண்டு மாதங்கூட நிறைவதற்கு முன்னரே, சில வேளைகளில் தான் கருவுற்றிருப்பதைத் தானே அறியாத நிலையில், ஒரு பெண்ணின் உயிரைச் சில மணி நேரத்தில் கொண்டுபோகக்கூடிய ஆபத்து ஒன்று உண்டு. கருவானது கருப்பையில் தங்காமல் வேறிடத்தில் தங்கி வளரத் தொடங்குவதே அந்த ஆபத்து.

இஃது அபூர்வமான நோய் அன்று. கருவுறும் நூறு பெண்களில் ஒருவர் அல்லது இருவருக்கு இவ்வாறு நேர்கிறது. பெரிய நகரங்களில் இருப்போருக்கு ஸ்கேன் கருவியும் இரத்த வங்கியும் அருகிலேயே உள்ளன. நம்மில் பலரோ பிழைப்பையும் உத்தியோகத்தையும் முன்னிட்டுத் தமிழகத்தைவிட்டு நெடுந்தொலைவில் வாழ்கின்றோம். மலைத்தோட்டங்களிலும், சுரங்க ஊர்களிலும், எல்லைப்புறங்களிலும், தீவுகளிலும் இருக்கின்ற சிறிய ஆஸ்பத்திரிகளையே நம்பியிருக்கின்றோம். அத்தகைய இடத்தில் இந்நோயை எவ்வாறு அறிவது, என்ன சிகிச்சை கிடைக்கும், குடும்பத்தார் செய்ய வேண்டுவது யாது என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் இயல்பு

கருப்பையின் இரு புறத்திலும் கைகளைப் போல இரண்டு குழாய்கள் நீண்டிருக்கின்றன. கருக்குழாய் எனப்படும் இவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளமுடையவை. சினைமுட்டை இக்குழாய்க்குள் வந்து, அங்கே கருவாகி, சில நாட்களில் மெல்ல நகர்ந்து கருப்பையைச் சேர வேண்டும். குழாயின் உட்புறத்தில் தழும்போ அடைப்போ இருந்தால் கரு வழியிலேயே தங்கி வேரூன்றிவிடுகிறது. இடம் தவறிய கருக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை இவ்வாறு கருக்குழாயில் தங்குபவையே.

கருப்பை விரிந்து கொடுக்கும். கருக்குழாய் விரிந்து கொடாது. ஆகவே கரு வளர வளரக் குழாயின் சுவர் மெலிந்து, பெரும்பாலும் ஆறாவது வாரத்திற்குப் பிறகு கிழிந்துவிடுகிறது. இரத்தம் வெளியே வாராமல் வயிற்றுக்குள்ளேயே பெருகுகிறது. இதில்தான் ஏமாற்றம் இருக்கிறது. வெளியே தெரிவது சில துளி இரத்தக் கறை மட்டுமே. உள்ளே ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் இரத்தம் தேங்கியிருக்கக்கூடும். மனித உடலில் மொத்தம் இருப்பது ஏறத்தாழ 5 லிட்டர்தான் என்பதை நினைத்தால் இதன் கடுமை விளங்கும்.

காரணம் என்ன என்று கேட்கலாம். பிறப்புறுப்பு வழியாக ஏறிய தொற்று, நம் நாட்டில் மிகுதியாக உள்ள காசநோய் கருக்குழாயைத் தாக்குதல், முன்னர் அக்குழாயில் நடந்த அறுவைச் சிகிச்சை, முன்பே ஒரு முறை இவ்வாறு கரு இடம் தவறியிருத்தல், புகைபிடித்தல் ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆயினும் நோயுற்ற பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இவற்றுள் எதுவுமே இருப்பதில்லை. அதிர்ச்சியாலோ, கனத்த குடத்தைத் தூக்கியதாலோ, பயணத்தாலோ இது வருவதில்லை. எனவே நோயாளியையோ அவளுடைய நடத்தையையோ குறை கூறுவதில் சிறிதும் நியாயம் இல்லை.

ஒன்றை மட்டும் சிறப்பாகச் சொல்ல வேண்டும். கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்குக் கரு உண்டாவது மிக அரிது. ஆனால் அப்படி உண்டாகுமாயின் அது கருக்குழாயில் தங்கிவிடும் வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் 1997இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அச்சிகிச்சைக்குப் பின் உண்டான கர்ப்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவ்வாறு இடம் தவறியவையாக இருந்தன. ‘எனக்குத்தான் ஆபரேஷன் ஆகிவிட்டதே, கர்ப்பம் எப்படி வரும்?’ என்று வலியைப் பொருட்படுத்தாமல் இருப்பது பேராபத்து. காப்பர்-டி அணிந்திருப்போரும் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

அறிகுறிகள்

இந்நோய்க்குரிய அறிகுறிகள் மூன்று. மாதவிலக்கு தள்ளிப்போதல், அடிவயிற்றில் பெரும்பாலும் ஒரு பக்கமாக வலி, சிறிதளவு இரத்தக் கசிவு. மூன்றும் ஒருங்கே இருக்க வேண்டுமென்பதில்லை. கசிவைச் சிலர் மாதவிலக்கு என்றே எண்ணிவிடுவர்.

குழாய் கிழிந்துவிட்டாலோ வேறு அறிகுறிகள் தோன்றும். எழுந்து நின்றால் மயக்கம் வரும். முகம் வெளிறும், உடல் சில்லிட்டு வியர்க்கும், நாடி விரைந்து ஓடும். தோள்பட்டை நுனியில் வலி உண்டாகும். வயிற்று நோய்க்கும் தோளுக்கும் என்ன தொடர்பு என்று வியப்புத் தோன்றலாம். வயிற்றில் தேங்கிய இரத்தம் உதரவிதானத்தை உறுத்துகிறது. அந்த உறுத்தலை உணர்த்தும் நரம்பும் தோளின் உணர்வும் முதுகுத் தண்டின் ஒரே பகுதியைச் சேர்வதால், வலி தோளில் இருப்பதாகத் தோன்றுகிறது. ‘வயிறும் வலிக்கிறது, தோளும் வலிக்கிறது’ என்று ஒரு பெண் சொன்னால் அதை அசட்டை செய்யலாகாது. இளவயதுப் பெண்ணின் உடல் இரத்த இழப்பை நெடுநேரம் தாங்கிக்கொண்டு இரத்த அழுத்தம் குறையாதது போலக் காட்டும். பிறகு திடீரென்று சரியும்.

வரலாறு கற்பிக்கும் பாடம்

கருப்பைக்கு வெளியே கரு வளரக்கூடும் என்பதைப் பத்தாம் நூற்றாண்டிலேயே ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்த அரபு மருத்துவர் அல் ஸஹ்ராவி எழுதிவைத்தார். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இதற்குச் சிகிச்சை இல்லை. 1876இல் அமெரிக்காவில் ஜான் பாரி என்னும் டாக்டர், அதுவரை பதிவான 500 நோயாளிகளின் வரலாறுகளைத் திரட்டிப் பார்த்தபோது அவர்களுள் 336 பேர் மாண்டிருந்தனர்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் லாசன் டெய்ட் என்னும் அறுவைச் சிகிச்சை நிபுணர் இருந்தார். 1881இல் ஒரு நோயாளியின் வயிற்றைத் திறந்து கிழிந்த குழாயைக் கட்டிவிடலாமே என்று வேறொரு டாக்டர் அவரிடம் யோசனை கூறினார். டெய்ட் துணியவில்லை. அப்பெண் இறந்தாள். பிறகு அவளுடைய உடலைச் சோதித்தபோது, இரத்தம் கசிந்த இடத்தைக் கட்டியிருந்தால் அவள் பிழைத்திருக்கக்கூடும் என்பதைக் கண்டார். 1883 ஜனவரியில் முதல் முறையாகத் துணிந்து செய்தார். அந்நோயாளியும் பிழைக்கவில்லை. ஆனால் தாமதமின்றி நேரே குழாயைக் கட்டி நீக்கிவிடும் முறையைக் கைக்கொண்ட பின்னர் அவரிடம் வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் உயிர் தப்பினர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டெய்ட்டிடம் ஸ்கேன் கருவி கிடையாது. இரத்த வங்கியும் கிடையாது. கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளை அறிந்து வெளியிட்டதே 1901இல்தான். இவை ஒன்றும் இல்லாமலே, சந்தேகத்தையும் விரைவையும் கொண்டு அவர் உயிர்களைக் காப்பாற்றினார். இன்றைய சிறிய ஆஸ்பத்திரி அவருடைய அறையைவிட எவ்வளவோ வசதி மிக்கது. ஆகவே ‘இங்கே என்ன இருக்கிறது, இங்கே போய் என்ன பயன்?’ என்று அருகிலுள்ள ஆஸ்பத்திரியை ஒதுக்கிவிடுதல் தகாது.

சிறிய ஆஸ்பத்திரியில் என்ன செய்ய இயலும்?

முதலாவது, சிறுநீர்ச் சோதனை. கருவுற்றிருப்பதைச் சில நிமிடங்களில் காட்டும் சோதனைப் பட்டைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், ஆஷா பணியாளரிடமும், மருந்துக் கடைகளிலும் கிடைக்கின்றன. அடிவயிற்று வலியோடோ மயக்கத்தோடோ வரும் பிள்ளை பெறும் வயதுடைய பெண் ஒவ்வொருவருக்கும் இச்சோதனையைச் செய்தல் வேண்டும்.

இரண்டாவது, ஸ்கேன். கருவுற்றது உறுதியாகி, கருப்பையில் கரு காணப்படாமல், வயிற்றில் இரத்தமும் தேங்கியிருந்தால் ஐயத்திற்கு இடமில்லை. ஸ்கேன் இல்லாத இடத்தில், கருப்பையின் பின்புறத்துப் பள்ளத்திலோ வயிற்றின் பக்கத்திலோ டாக்டர் ஊசி செலுத்திச் சிறிது இரத்தத்தை எடுத்துப் பார்ப்பார். அவ்விரத்தம் உறையாமல் இருந்தால் அது வயிற்றுக்குள் தேங்கியிருந்த இரத்தம் என்று கொள்வார். இது பழைய முறையே ஆயினும், வேறு சாதனம் இல்லாத இடத்தில் இன்றும் உதவுகிறது.

மூன்றாவது, சிகிச்சை. குழாய் கிழியாமலும் நோயாளி நலமாகவும் இருக்குமாயின், மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மருந்தை ஊசியாகச் செலுத்திக் கருவைக் கரையச் செய்யலாம். கத்தி வேண்டுவதில்லை என்பதால் இது எளிது போலத் தோன்றும். ஆனால் ஊசி போட்ட நான்காம் நாளும் ஏழாம் நாளும், பிறகு வாரந்தோறும் இரத்தச் சோதனை செய்தல் வேண்டும். அதற்குள் குழாய் கிழிந்தால் உடனே அறுவைச் சிகிச்சை நடைபெற வேண்டும். ஆகவே ஆஸ்பத்திரிக்கு அண்மையில் தங்கக்கூடியவருக்கே இது ஏற்றது. ஊசியைப் போட்டுக்கொண்டு கப்பலேறியோ ரயிலேறியோ ஊருக்குப் போய்விடுதல் உயிரோடு விளையாடுவதாகும்.

குழாய் கிழிந்துவிட்டாலோ வழி ஒன்றுதான். வயிற்றைத் திறந்து, கிழிந்த குழாயைக் கட்டி நீக்கிவிட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் சிறு துளை வழியே கருவி செலுத்திச் செய்கின்றனர். சிறிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தே செய்கின்றனர். உயிர் காப்பதில் இரண்டும் ஒன்றே. இரத்தம் கிடைக்கும் வரையில் அறுவைச் சிகிச்சையை ஒத்திவைக்கலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. உடைந்த குழாயை அடைக்காமல் தொட்டியை நிரப்ப முயல்வது போன்றது அது.

இரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையொட்டி, பணத்துக்கு இரத்தம் கொடுக்கும் வழக்கம் 1998 ஜனவரி முதல் ஒழிக்கப்பட்டது. அனுமதி பெற்ற வங்கியின் மூலமாகவே இரத்தம் பெற வேண்டும் என்னும் விதி தொற்றுநோய்களைத் தடுக்க இன்றியமையாதது. ஆனால் வங்கி இல்லாத தொலைவிடங்களில் உறவினரின் இரத்தத்தை அங்கேயே எடுத்துச் செலுத்தும் வழி இதனால் அடைபட்டது. பெரிய வங்கியிலிருந்து இரத்தம் பெற்று வைத்திருக்கும் சேமிப்பு நிலையங்கள் இக்குறையை ஓரளவு தீர்க்கின்றன.

மற்றொரு வழியும் உண்டு. நோயாளியின் வயிற்றில் தேங்கிய அவளுடைய இரத்தத்தையே அவளுக்குத் திருப்பிச் செலுத்துவதே அது. ஜெர்மனியில் யோஹானஸ் தீஸ் என்னும் டாக்டர் 1914இல் கருக்குழாய் கிழிந்த மூன்று நோயாளிகளுக்கு இதனைச் செய்தார். இரத்தம் புதியதாகவும் தொற்று இல்லாததாகவும் இருக்க வேண்டும். அதனைத் தூய கலத்தில் முகந்து, உறையாதிருக்கச் சோடியம் சிட்ரேட் சேர்த்து, வடிகட்டி, நரம்பின் வழியே ஏற்றுகின்றனர். 90 மில்லிலிட்டர் இரத்தத்திற்கு 10 மில்லிலிட்டர் சிட்ரேட் என்பது கணக்கு. வகை பார்க்க வேண்டுவதில்லை. பிறர் நோய் தொற்றும் அச்சமும் இல்லை. டாக்டர் இவ்வாறு செய்யப்போவதாகக் கூறினால் உறவினர் அருவருப்போ அச்சமோ கொள்ள வேண்டுவதில்லை.

தீவுகளில் ஒரு நாள்

இக்கட்டுரையாளர் வசிக்கும் மின்னி பே என்னும் இடம், 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற போர்ட் பிளேர் நகரத்தைச் சேர்ந்தது. கடற்படையின் தன்வந்தரி மருத்துவமனை இங்கே இருக்கிறது. நகரின் மறுகோடியில், செல்லுலார் சிறை வளாகத்தில் 1963இல் நிறுவப்பட்ட கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை இருக்கிறது. ஆகவே நகரவாசிகளுக்குக் குறை அதிகம் இல்லை.

ஆனால் அந்தமான் நிக்கோபார் என்பது ஒரு நகரம் அன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இத்தீவுகளில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் தமிழ் பேசுபவர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. முன்னாள் படைவீரர் குடும்பங்கள் கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயில் குடியேறின. கேம்பல் பே இந்நகரிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. கப்பலில் வருவதாயின் நாட்கணக்காகும். ஹெலிகாப்டர் வர வேண்டுமானால் வானம் தெளிந்திருக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் அதுவும் நிச்சயமில்லை.

இத்தகைய இடத்தில் வலி கடுமையாகும் வரை காத்திருந்தால், பின்னர் எத்தனை நல்ல மருத்துவமனை எங்கே இருந்தும் பயன் குறைவு. நாள் தள்ளிப்போய் ஒரு வாரத்திலேயே சிறுநீர்ச் சோதனை செய்து, வலியோ கசிவோ இருப்பின் குழாய் கிழிவதற்கு முன்பே ஸ்கேன் உள்ள ஊருக்குப் புறப்பட்டுவிடுவதே அறிவுடைமை. கடலுக்குச் சொன்னது மலைக்கும் பாலைக்கும் பொருந்தும். மண் சரிந்து பாதை அடைபடும் மலையூரிலும், இரவில் வண்டி கிடைக்காத சுரங்க ஊரிலும் நிலைமை இதுவே.

மொழி என்னும் தடை

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்றை வற்புறுத்த விரும்புகிறேன். கருவிகள் குறைந்த ஆஸ்பத்திரியில் நோயை முதலில் அறிவது டாக்டரின் சந்தேகத்தால். அந்தச் சந்தேகம் பிறப்பது நோயாளியின் சொல்லால். வேற்று மாநிலத்தில் அந்தச் சொல்லே தடுமாறிவிடுகிறது.

நம் பெண்கள் வலியை ‘வாய்வு’ என்பார்கள். உடன் வந்த கணவன் அதனை ‘கைஸ்’ என்று மொழிபெயர்த்துவிடுவான். நர்ஸ் அமில மாத்திரை இரண்டைக் கொடுத்து அனுப்பிவிடுவாள். ‘நாள் தள்ளியிருக்கிறது’ என்னும் இலைமறைவான பேச்சை நாம் உடனே புரிந்துகொள்வோம். அதனைச் சொல்லுக்குச் சொல் இந்தியில் சொன்னால் எவருக்கும் விளங்காது. பிற ஆடவர் முன்னிலையில் அதனைச் சொல்லவே கூசிக் கணவன் விட்டுவிடுவதும் உண்டு. நோயைக் காட்டும் தலையாய செய்தி இவ்வாறு டாக்டரின் காதுக்கே எட்டாமற் போகிறது.

ஆகவே வடநாட்டிலும் தீவுகளிலும் வாழும் தமிழ்ப் பெண் ஒவ்வொருத்தியும் நான்கு வாக்கியங்களைத் தானே சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும். ‘மஹீனா நஹீ ஆயா’ என்றால் மாதவிலக்கு வரவில்லை என்று பொருள். ‘பேட் மே தர்த் ஹை’ என்பது வயிற்றில் வலி. ‘சக்கர் ஆ ரஹா ஹை’ என்பது மயக்கம் வருகிறது. கருத்தடை ஆபரேஷன் ஆகியிருந்தால் ‘நஸ்பந்தி ஹோ சுகீ ஹை’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இவற்றை ஒரு தாளில் எழுதிக் கர்ப்பிணிகளுக்குரிய தாய்சேய் நல அட்டையோடு வைத்துக்கொள்வதும் நலம். வங்காளத்திலோ அஸ்ஸாமிலோ இருப்பவர்கள் அவ்விடத்து மொழியில் அண்டை வீட்டாரைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

குடும்பத்தார் கடமை

மயங்கிய நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்திவைக்க வேண்டும். வயிற்றை நீவிவிடுவதோ, விளக்கெண்ணெய் கொடுப்பதோ, கஷாயம் கொடுத்துப் பார்ப்பதோ கூடாது. அறுவைச் சிகிச்சை நேரக்கூடும் என்பதால் உணவு கொடாமல் இருப்பது நல்லது. உடனே 108 அல்லது 102க்கு அழைத்து வண்டி பெறுக. இரத்தம் கொடுக்கத்தக்க உடல்நலமுள்ள உறவினரோ நண்பரோ ஓரிருவர் உடன் செல்லுதல் வேண்டும்.

செலவைக் கருதித் தயங்க வேண்டாம். மத்திய அரசு 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு மருந்து, சோதனை, இரத்தம், வண்டி ஆகியவை இலவசம்.

பாவ புண்ணியம் கருதித் தயங்கவும் வேண்டாம். கருக்குழாயில் தங்கிய கரு குழந்தையாக வளர்ந்து பிறக்க வழியே இல்லை. அதனை எடுத்துக் கருப்பையில் வைக்கும் வித்தையும் மருத்துவத்தில் இல்லை. காப்பாற்றக்கூடிய உயிர் தாயின் உயிர் ஒன்றே. கையெழுத்துக் கேட்கும்போது ஊரிலுள்ள பெரியவர்களைத் தொலைபேசியில் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு மணி நேரத்தைக் கழிப்பது அவ்வுயிரிலிருந்து கழிப்பதாகும். நோயாளி நினைவோடு இருந்தால் அவளுடைய சம்மதமே போதும்.

சிகிச்சைக்குப் பின்

ஒரு குழாயை நீக்கிவிட்டால் மலடாகிவிடுவாள் என்று எண்ணுவது தவறு. மற்றொரு குழாய் இருக்கிறது. இவ்வாறு சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பின்னர் முறையாகக் கருவுறுகின்றனர். எனினும் பத்தில் ஒருவருக்கு இது மீண்டும் நேரக்கூடும். ஆகையால் அடுத்த முறை நாள் தள்ளியவுடனே சோதித்து, ஆறு ஏழு வாரங்களில் ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். இரத்தம் ஆர்.எச். நெகட்டிவ் வகையாயின் ‘ஆன்டி-டி’ ஊசியைக் கேட்டுப் பெற வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் பெற்றவர்கள் மூன்று மாதமேனும் கருவுறாதிருத்தல் வேண்டும்.

உடம்பு தேறிய பின்னும் மனம் தேறச் சில காலம் ஆகும். இரண்டு மாதக் கருதானே என்று பிறர் நினைப்பர். தாய் அவ்வாறு நினைப்பதில்லை. தாயும் மாமியும் அருகில் இல்லாத அயலூரில் அவளுக்குத் துணையாக இருப்பவர்கள் கணவனும் அண்டை வீட்டுத் தமிழ்ப் பெண்களுமே. கணவன் அவளைக் குறை கூறாதிருப்பதும், அண்டை வீட்டார் அவளை விசேஷங்களுக்கு ஒதுக்காதிருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

ஊர்தோறும் நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கலும் சித்திரைத் திருநாளும் கொண்டாடுகின்றன. அக்கூட்டங்களில் ஓர் அரை மணி நேரத்தை ஒதுக்கி, உள்ளூர் டாக்டரை அழைத்துப் பெண்களுக்கு இதனை விளக்கச் செய்யலாம். ஆண்டுக்கொரு முறை இளைஞர்கள் இரத்ததானம் செய்யலாம். பெண்களுடன் ஆஸ்பத்திரிக்குச் சென்று கூச்சமின்றி மொழிபெயர்த்துச் சொல்லக்கூடிய மாதர் இருவரின் பெயரைச் சங்கத்தில் குறித்துவைக்கலாம். இம்மூன்றுக்கும் பெரும் பொருள் வேண்டுவதில்லை. அயல் மாநிலத்தில் ஒரு தமிழ்ப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாயிலில் நிற்கும் நேரத்தில் அவை பேருதவியாக அமையும்.